கிட்னி கெட்டால் இதயம் ஏன் தடுமாறுகிறது?



"அப்பாவுக்கு இனிப்புநீர், ரத்தக்கொதிப்பு ரெண்டும் இருக்கு. ஹார்ட் செக் பண்ணியாச்சு, பயமில்ல." நம் வகுப்புக்கு வருகிறவர்கள் சொல்ல இதை அடிக்கடி கேட்கிறேன். கிட்னியைச் சோதித்தார்களா என்று கேட்டால் பதில் வராது. இந்த வாரம் அதைத்தான் படிக்கப் போகிறோம்.

சிறுநீரகம் கழிவை வடிகட்டுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். உடம்பின் உப்பையும் நீரையும் அளவாக வைத்து ரத்த அழுத்தத்தைக் காப்பதும், சிவப்பணு உருவாகத் தேவையான ஹார்மோனைச் சுரப்பதும் அதன் வேலைதான். அது பழுதானால் இதயத்துக்கு மூன்று வழியில் அடி விழும்.

1. உப்பும் நீரும் தேங்கி ரத்த அழுத்தம் ஏறும். அதை எதிர்த்து உழைத்து உழைத்து இதயச் சுவர் தடித்துப் போகும்.

2. ரத்தசோகை வரும். இதயம் இன்னும் வேகமாக ஓட வேண்டியிருக்கும்.

3. பாஸ்பேட் வெளியேறாமல் தங்கும். ரத்தக்குழாய்களில் கால்சியம் படிந்து அவை விறைத்துவிடும்.

அதனால்தான் சிறுநீரக நோயாளிகளில் பலர் டையாலிசிஸ் கட்டத்துக்குப் போகும் முன்பே இதய நோயால் இறந்துவிடுகிறார்கள். மலேசியாவில் 2018-ல் எடுத்த ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு மேல் நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது. ஆரம்பத்தில் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை.

கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் போதும். ஒன்று, ரத்தத்தில் கிரியாட்டினின். அதை வைத்துச் சிறுநீரகம் வடிகட்டும் அளவைக் கணக்கிடுவார்கள். அது 3 மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே இருந்தால் நோய் என்று பொருள். மற்றொன்று, சிறுநீரில் அல்புமின். இந்தப் புரதம் கசிந்தால், உடம்பின் மற்ற ரத்தக்குழாய்களும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று எச்சரிக்கை. ரத்தச் சோதனை சரியாக இருக்கும்போதே இது காட்டிக்கொடுத்துவிடும்.

சாப்பாட்டில் உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கணும். கிச்சாப், மேகித் தூள், ஊறுகாய் எல்லாம் இதில் சேர்த்திதான். கோயில் அன்னதானத்துக்குச் சமைக்கும்போதும் இதை மனசில் வையுங்கள். மூட்டு வலிக்கு டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையைத் தொடர்ந்து போடுவதும் கிட்னியைக் கெடுக்கும்.

இந்த வார வேலை: பெற்றோரின் கிளினிக் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். இனிப்புநீரோ ரத்தக்கொதிப்போ உள்ளவருக்கு இந்த இரண்டு சோதனையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்திருக்க வேண்டும். செய்யலைன்னா, அடுத்த தடவை நீங்களே கூடப் போய் டாக்டரிடம் கேளுங்கள்.