மணிக்கட்டா, தொடையா? உறுப்பு மாற்றியவர்களுக்கான அஞ்சியோகிராம்



ஊரில் சிறுநீரகமோ இருதயமோ மாற்றிய பிறகு பார்க்டேலுக்கு வந்திருக்கிறீர்களா? இங்கே ஒருநாள் டொக்டர் "அஞ்சியோகிராம் செய்ய வேண்டும்" என்று சொல்லலாம். மெல்லிய குழாயொன்றை நாடிக்குள் விட்டு, மை செலுத்தி, இருதயக் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று படம் எடுப்பார்கள். குழாய் போவதற்கு இரண்டு வழி உண்டு: தொடை மடிப்பு, மணிக்கட்டு.

மணிக்கட்டு வழி கனடாவில் வளர்ந்தது. மொன்றியல் டொக்டர் லூசியன் கம்போ 1989இல் 100 பேருக்கு அப்படிச் செய்ததை எழுதினார். ஹமில்ற்றன் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் முன்னின்று 32 நாடுகளில் நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. நெஞ்சு அவசரத்தோடு வந்த 7,021 பேரில், குழாய் போட்ட இடத்தில் பெரிய இரத்தக்கட்டு வந்தது மணிக்கட்டு வழியில் 42 பேருக்கு, தொடை வழியில் 106 பேருக்கு. மணிக்கட்டென்றால் கெதியா எழும்பி இருக்கலாம். தொடையென்றால் சில மணித்தியாலம் நேராகப் படுக்க வேணும்.

அப்ப மணிக்கட்டுத்தான் நல்லதோ? பொதுவாக ஓம். சிறுநீரகம் மாற்றியவருக்கு விடை அவ்வளவு லேசில்லை. மாற்றுச் சிறுநீரகத்தை அடிவயிற்றில் வைத்து, காலுக்குப் போகும் பெரிய நாடியோடு தைத்திருப்பார்கள். அந்தப் பக்கத் தொடையால் குழாய் விட்டால் அது அந்தத் தையலைக் கடந்துதான் போகும். மறுபக்கம், மணிக்கட்டு நாடி சிலருக்குப் பிறகு அடைபட்டுப்போகும். மாற்றுச் சிறுநீரகம் எப்போதாவது பழுதானால் டயலிசிசுக்கு பிஸ்ருலா வைக்க அந்தக் கை தேவைப்படும். ஏற்கெனவே பிஸ்ருலா உள்ள கையை விட்டுவிடச் சொல்லுங்கோ. மையும் சிறுநீரகத்தைத் தாக்கலாம், அதனால் எவ்வளவு குறைவாகப் பாவிக்கலாம் என்று கேட்பதில் தவறில்லை.

இருதயம் மாற்றியவர்களின் கதை வேறு. மாற்றும்போது நரம்புகள் வெட்டப்படுவதால், குழாய் அடைத்தாலும் நெஞ்சுநோ தெரியாமல் போகலாம். "நோவில்லையே" என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதேங்கோ. அவர்களுக்கு அஞ்சியோகிராம் பலமுறை வருமென்பதால், முன்பு எந்தக் கையால் செய்தார்கள் என்பதையும் சொல்லிப்போடுங்கோ.

அகதிக் கோரிக்கையாளருக்கு ஆஸ்பத்திரி, டொக்டர் செலவை இடைக்கால கூட்டரசு சுகாதாரத் திட்டம் ஏற்கும். அந்தக் கடதாசியோடு, ஊரில் தந்த சத்திரசிகிச்சைக் கடிதத்தையும் மருந்துப் பெட்டிகளையும் கொண்டுபோங்கோ. உறுப்பு நிராகரிக்காமல் இருக்கக் குடிக்கும் மருந்தை டொக்டர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்த வேண்டாம். நாள் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கோ. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ச் சமாளிக்கிற விஷயமில்லை இது.

வீட்டுக்கு வந்தபின் இரத்தம் கசிந்தால் விரலால் அழுத்திப் பிடியுங்கோ. நிற்காவிட்டால் 911.