பார்க்கிற தூரத்தில் பாதிதான் உன்னுடையது

அன்பு மாப்பிள்ளை கௌதமுக்கு,

மாமன் எழுதுவது. சேந்தமங்கலம் பக்கம் நல்ல மழை. அத்தை உனக்கென்று மலை மிளகு அரைக் கிலோ எடுத்து வைத்திருக்கிறாள். அடுத்த தடவை கொல்லிமலைக்கு வந்தால் நம் வீட்டு வாசலைத் தாண்டி ஓடிப்போகாதே.

ஓடிப்போனது எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பாய். நீதானே வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறாய்! உன் தங்கச்சி அதை அம்மாவிடம் காட்ட, அம்மா எனக்கு அனுப்ப, நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசும் பார்த்தேன். காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவையும் எத்தனை நிமிஷத்தில் ஏறினாய் என்று கீழே பெருமையாக எழுதியிருந்தாய். "அண்ணா, நீங்கதான் அவனைக் கண்டிச்சு வைக்கணும்" என்கிறாள் உன் அம்மா. எனக்குக் கண்டிக்க வராது. அது உனக்கே தெரியும். ஆனால் அந்த ரோட்டில் பஸ் ஓட்டித் தலை நரைத்தவன் நான். உன் வீடியோவைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு ஓட்ட வருகிறது. வளைவுக்குள் நுழையும் முன்பே பிரேக்கை முடித்துவிடுகிறாய். தலையைத் திருப்பி, போகவேண்டிய இடத்தைப் பார்க்கிறாய். பலரும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே பள்ளத்துக்குள் போவார்கள். கண் போகிற பக்கம்தான் வண்டி போகும். அது உனக்குப் புரிந்திருக்கிறது. அஞ்சு வயசில் என் பஸ்ஸில் ஏறி, ஹாரன் அடிக்க விடவில்லை என்று காரவள்ளி வரை அழுதுகொண்டே வந்த பையன் இவ்வளவு அழகாக வளைவு எடுக்கிறானே என்று சந்தோஷம்தான். அந்த ஹாரனைத்தான் இப்போது ஒரு வளைவில்கூட நீ தொடவில்லை, மாப்பிள்ளை!

என் கவலை வேறு இடத்தில். பாதி மலையில் ஓர் இடது வளைவு. நீ வெளியே வரும்போது உன் முன்சக்கரம் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்த் திரும்புகிறது. ஒரு நொடிகூட இருக்காது. வலது வளைவுகளில் வேறு மாதிரி: சக்கரம் உன் பக்கத்தில்தான் ஓடுகிறது, ஆனால் வண்டியோடு நீயும் சாய்வதால் உன் தலையும் தோளும் கோட்டுக்கு அந்தப் பக்கம் தொங்குகின்றன. அன்றைக்கு எதிரே யாரும் வரவில்லை. வராதது உன் திறமை இல்லை, கண்ணு.

பஸ் எப்படித் திரும்பும் என்பதைத் தெரிந்துகொள். மலை ஏறும் பஸ் ஒரு இடது கொண்டை ஊசியை எடுக்க வேண்டுமென்றால், முதலில் வலது ஓரம் வரை போய், எதிர்ப்பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்தால்தான் மூக்கு திரும்பும். அந்த நேரம் மேலிருந்து எவனாவது வேகமாக இறங்கினால் டிரைவருக்குப் போக இடம் கிடையாது. பின்னால் வருகிற பைக்காரர்களுக்கும் ஒரு ஆபத்து உண்டு. பஸ் வலப்பக்கம் ஒதுங்கியதும் இடப்பக்கம் தாராளமாக இடம் தெரியும். நமக்கு வழி விடுகிறார் என்று நினைத்து உள்ளே நுழைந்துவிடுவார்கள். பஸ்ஸின் பின்சக்கரம் அந்த இடத்தை வெட்டிக்கொண்டுதான் வரும். திரும்புகிற பஸ்ஸுக்கு உள்பக்கம் ஒருநாளும் போகாதே. நின்றுவிடு. பஸ் திரும்பி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இப்போது கொஞ்சம் கணக்கு. நீ இன்ஜினியர், சரியா என்று பார்த்துக்கொள். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் போய்விடும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்தவே ஒரு நொடி. அதற்கப்புறம் காய்ந்த ரோட்டில், நல்ல டயரில், நன்றாகப் பிரேக் பிடித்தாலும் இன்னும் 20 மீட்டர். மொத்தம் 37. இதே 30 கிலோமீட்டரில் என்றால் 14 மீட்டருக்குள் நின்றுவிடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்கு. ஈரத்திலும் இறக்கத்திலும் அதுவும் போதாது. நம் மலையில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் மரம். எத்தனையோ வளைவில் கண்ணுக்கு இருபது முப்பது மீட்டர்தான் தெரியும்.

அந்த முப்பது மீட்டரும் உன்னுடையது என்று நினைத்துவிடாதே. எதிரே வருகிறவனும் அதே முப்பது மீட்டரைத்தான் நம்பி வருகிறான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்ட பிறகு நிற்க வேண்டுமென்றால், ஆளுக்குப் பாதி. பதினைந்து மீட்டருக்குள் உன் வண்டி நிற்கணும். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பாதிக்குள் நிறுத்த முடிகிற வேகம் எதுவோ, அதுதான் அந்த வளைவின் வேகம். வளைவு மறைந்து தூரம் குறைந்தால் வேகமும் குறையட்டும். ரோடு விரிந்து தூரம் கூடினால் வேகமும் அளவோடு கூடட்டும். வண்டியால் எவ்வளவு முடியும், உன்னால் எவ்வளவு முடியும் என்பதெல்லாம் இதற்கு அப்புறம்.

மறைவுக்கு அப்பால் யார் இருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்திருக்கிறாயா? பின் சீட்டில் பலாப்பழ மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கும் ஆள் இருப்பார். வளைவில்தான் ரோடு கொஞ்சம் அகலம் என்று அங்கேயே பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பாட்டி இருப்பாள். ஆடிப்பெருக்குக்கு வல்வில் ஓரி விழாவும் அறப்பளீஸ்வரர் கோவிலும் என்று ஜனம் திரளும் நாளில் குழந்தையை முன்னால் உட்காரவைத்து வரும் குடும்பம் இருக்கும். மலைக்காரர்களுக்கு அது ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் போகும் வழி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ தேடி வருகிற சந்தோஷத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் உன் உயிரைப் பணயம் வைக்க உனக்கு உரிமை உண்டு என்று நீ வாதாடினாலும், அந்தப் பாட்டியின் உயிரையும் சேர்த்து வைக்க அவளிடம் நீ கேட்கவில்லையே.

போன தீபாவளிக்கு நீதான் ஐல் ஆஃப் மேன் தீவுப் பந்தயத்தை செல்போனில் எனக்குக் காட்டினாய். வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு போகிறார்களே, மாமா, அதுவும் ஊர் ரோடுதானே என்றாய். ஊர் ரோடுதான். 1907 முதல் அந்தத் தீவில் பந்தயம் நடக்கிறது. இப்போதைய மலைச் சுற்று 60 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் பந்தய நேரத்தில் சட்டப்படி ரோட்டை மூடிவிடுகிறார்கள். எதிரே ஒரு வண்டி கிடையாது. வழி நெடுக ஆட்கள் கொடி பிடித்து நின்று, அப்பால் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்கிறார்கள். அப்படியும் அந்த மலைச் சுற்றில் இதுவரை 250 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்கள், அப்பா! நம் கொல்லிமலையில் உனக்குக் கொடி காட்ட யார் நிற்கிறார்கள்?

என்னோடு வேலை பார்த்த ஒரு டிரைவரைப் பற்றிச் சொல்கிறேன். ஹாரன் அடித்து, கியரைக் குறைத்து, தன் பக்கத்திலேயே ஏறிக்கொண்டிருந்தார். வளைவைச் சுற்றி எதிர்ப்பக்கத்தில் வந்த ஒரு பையன் பஸ் பம்பரில் மோதினான். உன் வயசுதான். அங்கேயே போய்விட்டான். தப்பு யார் மேல் என்பது எல்லோருக்கும் தெரிந்தும், பெரிய வண்டி ஓட்டியவர் மேல்தான் முதலில் வழக்கு. ஸ்டேஷன், கோர்ட் என்று அலைந்து, கடைசியில் அவர் மேல் தப்பில்லை என்று முடிந்தது. ஆனால் அந்த மனுஷன் அதற்கப்புறம் மலை ரூட் எடுக்கவே இல்லை. கேட்டு வாங்கிக்கொண்டு சமவெளிக்குப் போய்விட்டார். டீக்கடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வலது கால் தானாகப் பிரேக் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையனுக்கு அவரை யார் என்றே தெரியாது. வேகமாகப் போகிறவன் தனக்கு மட்டும்தான் ஆபத்து என்று சொல்வதை அதனால்தான் நான் ஒத்துக்கொள்வதில்லை.

வேகம் வேண்டுமென்றால் அதற்கு இடம் இருக்கிறது. நீ வேலை பார்க்கும் கோயம்புத்தூரிலேயே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே எல்லோரும் ஒரே திசையில் போவார்கள், விழுந்தால் சறுக்கிப் போக இடம் இருக்கும், ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். காசு ஆகும் என்பாய். ஒரு நாள் பயிற்சிக்கு ஆகும் செலவில் பாதியை மாமன் தருகிறேன். பொது ரோட்டில் பந்தயமும் வேகச் சோதனையும் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆவது பிரிவுப்படி குற்றம். நீ போட்ட நிமிஷக் கணக்கை இன்றைக்கே எடுத்துவிடு. உனக்காக மட்டும் சொல்லவில்லை. அதைப் பார்க்கிற பள்ளிக்கூடப் பையன் ஒருத்தன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதில் அரை நிமிஷம் குறைக்கப் பார்ப்பான். அவனுக்கு உன் கை வராது.

இனி சின்னச் சின்ன பழக்கங்கள். சலித்துக்கொள்ளாமல் படி.

டயர் காற்றை வாரம் ஒரு தடவை, வண்டி எடுக்கும் முன்னால், டயர் சூடாகாதபோது பார். டயரின் பிடிமானம் ஒரு படி அரிசி மாதிரி. திரும்புவதற்கும் பிரேக்குக்கும் அதிலேயேதான் பங்கு போடணும். முழுசையும் சாய்ந்து திரும்பவே செலவு செய்துவிட்டால், நடு வளைவில் ஆடு குறுக்கே வந்தால் பிரேக்குக்கு மிச்சம் இருக்காது. ஏபிஎஸ் இருக்கிறது என்பாய். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். ஜல்லி மேலும் சருகு மேலும் இல்லாத பிடிமானத்தை அதனால் கொண்டுவர முடியாது.

இறங்கும்போது வண்டியை நியூட்ரலில் போடாதே. பெட்ரோல் மிச்சம் என்று சொல்கிறவன் பேச்சைக் கேட்காதே. ஏறின கியரிலேயே இறங்கு என்பது மலை டிரைவர்கள் வழிவழியாகச் சொல்வது. இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகாது. ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. ஏற்றத்தில் நின்ற பஸ்ஸை மறுபடி கிளப்பும் சிரமம் உனக்குத் தெரியாது. மறைந்த வளைவு ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு தடவை ஹாரன் அடி. ஊருக்குள் போனதும் ஹாரனையும் சைலன்சர் சத்தத்தையும் அடக்கு. எதிரே வெளிச்சம் தெரிந்தால் உடனே டிம் பண்ணு.

ஹெல்மெட் பட்டையை மாட்டு. வீடியோவில் நீ கிளம்பும்போது அது கழுத்தடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா பார்க்கவில்லை, நான் பார்த்தேன். ஹெல்மெட் போட்டவர் விபத்தில் சாகும் வாய்ப்பு 42 சதவீதம் குறைகிறது என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். பட்டை மாட்டாத ஹெல்மெட் முதல் இடியிலேயே கழன்று ஓடிவிடும். பின்னால் உட்காருகிறவருக்கும் ஒன்று வேண்டும். 2022ஆம் வருஷம் மட்டும் நம் நாட்டில் ரோட்டில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு நாற்பத்தி நாலு பேருக்கு மேல் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். அந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் உன் முகம்தான் ஞாபகம் வருகிறது.

கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவனைத் துரத்தாதே. அவன் கணித்த வளைவு அவனுக்கு, உனக்கு இல்லை. யாராவது விழுந்து கிடந்தால் கேமராவை அணைத்துவிட்டு நில். 108க்குப் போன் பண்ணு. உதவி செய்தவனை அலைக்கழிக்கக் கூடாது என்று 2019 திருத்தத்திலேயே சட்டம் வந்துவிட்டது. நம் தமிழ்நாட்டில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசுத் திட்டமும் இருக்கிறது. பயந்துகொண்டு தாண்டிப் போகாதே.

கடைசியாக ஒன்று. கிளம்பும்போது அம்மாவிடம் "நாலு மணிக்கு வந்துடுவேன்" என்று சொல்லாதே. சொன்னால் மூணரைக்கு உன் கை தானாக முறுக்கும், நாலே காலுக்கு அவளுக்கு நெஞ்சு அடிக்கும். "இருட்டுறதுக்குள்ள வரேன்" என்று சொல். நடுவில் டீ குடிக்க நிற்கும்போது ஒரு போன் பண்ணு.

அடுத்த மாதம் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வா. முதல் நாள் நாம் இரண்டு பேரும் காரவள்ளியில் பஸ் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்து மலைக்குப் போவோம். டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் எங்கே பார்க்கிறார், எப்போது காலை எடுக்கிறார் என்று நீ பார்க்கணும். மறுநாள் உன் வண்டியில் நீ ஓட்டு, நான் பின்னால் உட்காருகிறேன். எனக்கு ஒரு ஹெல்மெட் வாங்கி வை; ஐஎஸ்ஐ முத்திரை இருக்கணும், அளவு பெரியது. இந்தக் கடிதத்துக்குப் பதில் போடும்போது முன் டயரிலும் பின் டயரிலும் எவ்வளவு காற்று வைத்திருக்கிறாய் என்று எழுது. கம்பெனி புத்தகத்தைப் பார்த்து எழுதாதே, அளந்து பார்த்து எழுது.

அன்புடன்,
உன் மாமன்