ஏழாவது எபிசோட்ல என்ன பிரச்னை?

(ஸ்பாய்லர் எச்சரிக்கை: ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் இரண்டாவது சீசன் கதையும், டாக்டர் ஹூ தொடரின் "மிட்நைட்" எபிசோட் கதையும் இதுல முழுசா வருது. பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க, கட்டுரை எங்கேயும் ஓடிடாது.)

ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் இரண்டாவது சீசனை ஒரே ராத்திரியில் உட்கார்ந்து பார்த்தவங்களுக்கு ஆறாவது எபிசோடின் முடிவு மறந்திருக்காது. வில் உடம்புக்குள்ள புகுந்திருக்கிற சக்தி, வீரர்களைச் சுரங்கத்துக்குள் வரவழைச்சு மாட்டிவிடுது. லேபுக்கு அடியில் இருக்கும் குழியிலிருந்து டெமோடாக்குகள் மேலே ஏறி வருது. மேலே வில், அவன் அம்மா ஜாய்ஸ், மைக், ஹாப்பர் எல்லாரும் இருக்காங்க. அங்கேயே எபிசோட் முடியுது. நாம கண்ணைக் கசக்கிக்கிட்டு, "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று அடுத்ததை அழுத்துறோம்.

அடுத்தது சிகாகோ. லேப் இல்ல, வில் இல்ல, டெமோடாக் இல்ல. இதுவரைக்கும் நாம பழகாத ஒரு கேங் நம்ம இலெவனைச் சுத்தி நின்னு கிண்டல் பண்ணிட்டு இருக்கு. எபிசோட் பேரு "தி லாஸ்ட் சிஸ்டர்". 2017 அக்டோபர் 27 அன்று சீசனின் 9 எபிசோடுகளும் ஒரே நாளில் வெளியாயின. அன்றிலிருந்து ரசிகர்களிடம் அதிகமா திட்டு வாங்கின எபிசோடுகளில் இதுக்குத் தனி இடம் உண்டு. திரும்பப் பார்க்கும்போது இதை மட்டும் ஸ்கிப் பண்றவங்க உங்க ஹாஸ்டல் ரூமிலேயே ஒருத்தராவது இருப்பாங்க.

"செம மொக்கை, அந்த கேங் ஒரே எரிச்சல்" என்று சொல்லிட்டு நகர்ந்துடலாம். பார்வையாளரா அது போதும். ஆனா நாளைக்கு ஒரு ஷார்ட் ஃபிலிமோ, இதே இதழுக்கு ஒரு சிறுகதையோ எழுதணும்னா அது போதாது. ப்ரோக்ராம் ஓடலைன்னு சொல்றது வேற, எந்த வரியில தப்புன்னு கண்டுபிடிக்கிறது வேற. இந்தக் கட்டுரையில் நாம பண்ணப்போறது ரெண்டாவது வேலை.

கதைச் சுருக்கம்

முதல்ல நடந்ததைப் பார்ப்போம். லேபில் வளர்க்கப்பட்ட இலெவன் தன் அம்மாவைத் தேடிப் போகிறாள். அம்மா பேசக்கூட முடியாத நிலையில் இருக்கிறார். தன்னைப் போலவே லேபில் இன்னொரு சிறுமி இருந்தாள் என்பது அங்கேதான் தெரிய வருகிறது. அவளைத் தேடி பஸ் ஏறி சிகாகோ போகிறாள். அவள் பெயர் காளி. லேப் கொடுத்த எண் 008. இல்லாததை இருப்பதுபோல் காட்டுவது அவள் சக்தி.

காளியோடு ஒரு பாழடைந்த கட்டடத்தில் ஆக்ஸல், டாட்டி, மிக், ஃபன்ஷைன் என்று நாலு பேர் இருக்கிறார்கள். லேபில் வேலை பார்த்தவர்களைத் தேடிப் பிடித்துக் கொல்வதுதான் காளியின் திட்டம். கோபத்தை வைத்துச் சக்தியைக் கூட்டுவது எப்படி என்று இலெவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்; இலெவன் ஒரு ரயில் பெட்டியையே நகர்த்துகிறாள். பிறகு தன் அம்மாவுக்கு மின்சாரம் பாய்ச்சிய ரே என்பவனின் வீட்டுக்கு அவர்களோடு போகிறாள். அவன் கழுத்தை நெரிக்கும் நேரத்தில், வீட்டில் அவனுடைய இரண்டு மகள்கள் இருப்பது தெரிகிறது. விட்டுவிடுகிறாள். காளி சுடப் பார்க்கும்போது துப்பாக்கியையும் பறித்து எறிகிறாள். கடைசியில் ஹாக்கின்ஸில் நண்பர்கள் ஆபத்தில் இருப்பதை உணர்ந்து திரும்பிப் போகிறாள்.

பேப்பரில் படிச்சா நல்ல கதைதானே? அப்புறம் ஏன் திரையில் இழுக்குது?

மெயின் ப்ளாட்டுக்கு மூணு கேள்வி

எந்த எபிசோடையும் மூணு கேள்வியில் சோதிச்சுப் பார்க்கலாம். யாருக்கு என்ன வேணும்? அதைத் தடுக்கிறது எது? கிடைக்கலைன்னா என்ன போகும்?

ஆறாவது எபிசோடில் மூணுக்கும் ஒரு வரியில் பதில் சொல்லிடலாம். வில்லைக் காப்பாத்தணும். அவனுக்குள்ளயே எதிரி இருக்கான். தோத்தா பையன் உயிர் போகும், ஊரும் போகும்.

ஏழாவதில் முதல் கேள்வியிலேயே தடுமாறுறோம். இலெவன் வந்தது ஒரு அக்காவைத் தேடி, ஒரு வீட்டைத் தேடி. எபிசோட் ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரத்திலேயே அக்கா கிடைச்சுட்டா, கட்டிப்பிடிச்சாச்சு. அவளுடைய தேவை அங்கேயே தீர்ந்துபோச்சு. அதுக்கப்புறம் கதையை ஓட்டுவது காளியின் பழிவாங்கல். ரே மேல் கோபப்பட இலெவனுக்கும் நியாயமான காரணம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா அந்தக் கோபத்தை எடுத்து அவள் கையில் கொடுப்பது காளி. நாம 14 எபிசோடா பின்தொடர்ந்து வந்த பெண் பின்சீட்டுக்குப் போய்விட, இப்போதான் அறிமுகமான ஒருத்தி வண்டியை ஓட்டுகிறாள்.

மூணாவது கேள்வி இன்னும் மோசம். ரேயை இன்னைக்குக் கொல்லலைன்னா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. அடுத்த வாரம் கொல்லலாம். கெடுவே இல்லாத அசைன்மென்ட் மாதிரி. அதே நேரத்தில் ஹாக்கின்ஸில் நிமிஷக் கணக்கில் உயிர்கள் போயிட்டிருக்கு. இடைவேளையில் அவசரமா கூட்டிட்டு வந்து உட்காரவெச்சு வேற படம் போட்டா எப்படி இருக்கும்? இந்த எபிசோடே நாலாவதா வந்திருந்தா இத்தனை திட்டு விழுந்திருக்காது என்பது என் கணக்கு.

அந்த நாலு பேர்

இப்போ கேங்குக்கு வருவோம். முள் முள்ளா முடி வெச்ச ஆக்ஸல், இலெவனைப் பார்த்ததுமே மிரட்டுறான். நமக்குப் பத்திக்கிட்டு வருது. ஏன்? அவள் யாருன்னு நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. நமக்குப் பிடிச்ச ஒருத்தியை, எதுவும் தெரியாத ஒருத்தன் அவமானப்படுத்துறான். இது ஒண்ணும் தப்பான உத்தி இல்ல. நம்ம சினிமாவில் ஹீரோ யாருன்னு தெரியாம வம்பிழுக்கும் ரவுடி காலங்காலமா வர்றான்.

பிரச்னை அடுத்த கட்டத்தில். காளி தன் சக்தியால் ஆக்ஸல் உடம்பில் சிலந்திகள் ஊர்வதுபோல் காட்டுகிறாள், அவன் அலறுகிறான், மோதல் முடிந்தது. அவன் வெறுப்பால் பிறகு எதுவும் மாறவில்லை. அவன் காட்டிக்கொடுக்கவில்லை, இலெவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அவனால் திட்டம் கெடவும் இல்லை. டாட்டி சிரிக்கிறாள், மிக் அமைதியா இருக்கிறாள், ஃபன்ஷைன் பெரிய உருவம், மென்மையான மனசு. ஆளுக்கு ஒரு வரி அறிமுகம், அவ்வளவுதான். அவங்க வசனங்களை இடம் மாத்திப் போட்டாலும் பெரிசா வித்தியாசம் தெரியாது.

ட்ரஸ் கணக்கு போட்டவங்களுக்கு "ஜீரோ ஃபோர்ஸ் மெம்பர்" தெரியும். பார்க்க மத்த கம்பிகள் மாதிரியே இருக்கும். கொடுத்த லோடுக்கு அதில் இழுவிசையும் இருக்காது, அமுக்குவிசையும் இருக்காது. கட்டடத்தில் அதுக்கும் ஒரு உபயோகம் உண்டு: லோடு மாறினால் வேலைக்கு வரும். இந்த நாலு பேருக்கு அந்த லோடு கடைசி வரைக்கும் வரவே இல்ல. சுமை எதையும் தாங்காத கேரக்டர் சத்தம் மட்டும் போட்டால், அந்தச் சத்தம்தான் நம்ம காதில் விழும். அதைத்தான் நாம எரிச்சல்னு சொல்றோம்.

அதாவது பலவீனமான மெயின் ப்ளாட்டும் எரிச்சலூட்டும் கேரக்டர்களும் ரெண்டு தனித்தனி வியாதி இல்ல. முதலாவது காய்ச்சல் மாதிரி, ரெண்டாவது அதனால் வரும் உடம்புவலி.

எரிச்சலை வெச்சே ஜெயிச்ச ஒரு எபிசோட்

இதை உறுதிப்படுத்த எதிர் உதாரணம் வேணும். டாக்டர் ஹூவில் 2008 ஜூன் 14 அன்று ஒளிபரப்பான "மிட்நைட்". எழுதியவர் ரஸல் டி டேவிஸ். மிட்நைட் என்ற கிரகத்தில் ஒரு சுற்றுலா வண்டி. வெளியே இறங்கினால் சூரிய ஒளியே கொன்றுவிடும். நடுவழியில் வண்டி நிற்கிறது. வெளியிலிருந்து ஏதோ ஒன்று தட்டுகிறது. பிறகு அது ஸ்கை என்ற பயணியின் உடம்புக்குள் புகுந்து, மற்றவர்கள் பேசுவதையெல்லாம் திருப்பிச் சொல்ல ஆரம்பிக்கிறது.

அந்த வண்டியில் இருப்பவர்களை எண்ணிப் பாருங்க. எல்லாம் தெரிந்ததுபோல் பேசி, தன் உதவியாளரை மட்டம் தட்டும் பேராசிரியர் ஹாப்ஸ். எடுத்ததுக்கெல்லாம் கத்தும் வால். பெண்டாட்டி கத்தினா கூடச் சேர்ந்து கத்தும் பிஃப். சிகாகோ கேங்கை விட இவங்க பத்து மடங்கு எரிச்சல். இவங்களோட ஒரு பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கூட உட்கார முடியாது.

ஆனாலும் ஒரு நிமிஷம் கண்ணை எடுக்க முடியல. காரணம், இங்கே ஒவ்வொரு எரிச்சலுக்கும் ஒரு வேலை இருக்கு. வெளியே எதுவும் உயிர்வாழ முடியாது என்ற பேராசிரியரின் பிடிவாதத்தால் ஆபத்தை ஒப்புக்கொள்ளத் தாமதமாகுது. வாலின் கத்தலில் பயம் பரவுது. நாயகனான டாக்டரே, தான்தான் இங்கே புத்திசாலி என்ற தோரணையில் பேசி மற்றவர்களின் சந்தேகத்தைக் கிளறுகிறார். கடைசியில் அந்தச் சாதாரண மனிதர்கள் டாக்டரையே வெளியே தள்ளிக் கொல்ல இழுத்துக்கொண்டு போகிறார்கள். எதிரி யாரென்று புரிந்துகொண்ட பணிப்பெண், ஸ்கையோடு சேர்ந்து தானும் வெளியே போய் உயிரைக் கொடுக்கிறாள். அவள் பெயர் என்ன என்று டாக்டர் கேட்கும்போது யாருக்கும் தெரியவில்லை.

வாலை எடுத்துட்டா அந்தக் கதை பாதி செத்துடும். ஆக்ஸலை எடுத்துட்டா "தி லாஸ்ட் சிஸ்டர்" நாலு நிமிஷம் குறையும். வித்தியாசம் அவ்வளவுதான்.

எடுத்துப் பார்க்கிற சோதனை

இதே சோதனையை எழுதியவர்களும் பண்ணியிருக்காங்க. தொடரை உருவாக்கிய டஃபர் சகோதரர்கள், இந்த எபிசோடை மொத்தமா எடுத்துவிட்டுப் பார்த்ததாகவும், அப்போது இலெவனின் பயணம் சிதறிப்போனதாகவும் பேட்டியில் சொன்னாங்க. அது உண்மைதான். ஒன்பதாவது எபிசோடில் வாயிலை மூடும்போது, காளி சொல்லிக்கொடுத்த கோபத்தைத்தான் இலெவன் பயன்படுத்துகிறாள். ஆனா சோதனையை எபிசோடோட நிறுத்தாம ஒவ்வொரு கேரக்டருக்கும் பண்ணியிருக்கணும். காளி தேறிடுவா. மத்த நாலு பேர் அரியர்தான். காளியும்கூட இதுக்கப்புறம் 2025-ல் வந்த ஐந்தாவது சீசனில்தான் மறுபடி முழு கேரக்டரா வந்தாள்.

எனக்கு இதில் உண்மையான வருத்தம் வேற. ரே வீட்டுக் காட்சி இந்தத் தொடரின் ரொம்ப முக்கியமான கேள்வியைக் கேட்குது. சின்ன வயசில் சித்திரவதை செய்யப்பட்ட ஒரு பெண், அதைச் செய்தவன் கையில் கிடைத்தால் என்ன செய்வாள்? அவனும் இரண்டு குழந்தைகளுக்கு அப்பாவா இருந்தால்? காளியின் கோபம் தப்புன்னு அவ்வளவு சுலபமா சொல்லிட முடியாது. அவள் கேட்பது நியாயம். அதற்கு விலை கொடுக்கப்போவது பக்கத்து அறையில் இருக்கும் இரண்டு பெண் குழந்தைகள். இவ்வளவு கனமான விஷயம் கையில் இருந்தும், மேக்கப்புக்கும் முகமூடிக்கும் கடையில் திருடுவதற்கும் நேரத்தைச் செலவழிச்சுட்டு, கடைசிப் பகுதியில் அவசரமா தொட்டுட்டுப் போயிட்டாங்க.

நானா இருந்தா ரேயை எபிசோடின் முதல் கால்வாசியிலேயே கொண்டுவருவேன். ஆக்ஸலுக்கு ரே மேல் ஒரு சொந்தக் கணக்கைக் கொடுப்பேன். அப்போ இலெவன் ரேயை விடும்போது, ஆக்ஸலின் நியாயத்தையும் சேர்த்துத் தடுக்கிறாள். அதே ஆள், அதே முள்முடி, அதே கத்தல். ஆனா இப்போ அந்தக் கத்தலுக்குப் பின்னாடி ஒரு வலி இருக்கு. நமக்கு எரிச்சல் வராது, சங்கடம் வரும்.

உங்க ஸ்க்ரிப்டுக்கு

போன வருஷம் எங்க டீம் எடுத்த ஷார்ட் ஃபிலிமில் ஹீரோவுக்கு ஒரு காமெடி ஃப்ரெண்ட் வெச்சிருந்தோம். எழுதும்போது நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். போட்டுக் காட்டினப்போ அவன் வரும் காட்சியில எல்லாம் ஆடிட்டோரியத்துல மொபைல் வெளிச்சம்தான் தெரிஞ்சுது. நடிச்ச பையனைத்தான் எல்லாரும் குறை சொன்னாங்க. தப்பு அவன் மேல இல்ல. கதையில் எந்த முடிவையும் மாத்தாத ஒருத்தனை எழுதி, அவன் கையில் கொடுத்தது நாங்க.

அதனால எழுதி முடிச்சதும் இந்த நாலையும் சரிபாருங்க:

1. உங்க நாயகருக்கு என்ன வேணும்னு ஒரு வரியில் எழுத முடியுதா? அந்த வரி கதையின் பாதியில் வேற ஆளுக்கு மாறிடுதா?

2. இன்னைக்கு நடக்கலைன்னா என்ன போகும்? "ஒண்ணும் போகாது" என்றால் ப்ளாட்டை மறுபடி யோசிங்க.

3. ஒவ்வொரு கேரக்டரையும் எடுத்துட்டுப் படிங்க. எந்த முடிவும் மாறலைன்னா, அவங்களுக்கு வேலை கொடுங்க, இல்லைன்னா விடை கொடுங்க.

4. எரிச்சலூட்டும் கேரக்டர் வேணும்னா தாராளமா வைங்க. அந்த எரிச்சலால் யாருக்கோ ஏதோ ஒண்ணு கெடணும்.

கடைசியா ஒரு வீட்டுப்பாடம். நீங்க எப்பவும் ஸ்கிப் பண்ற ஒரு எபிசோடை இந்த வாரம் முழுசா பாருங்க. கையில் ஒரு பேப்பர், மூணு கேள்வி. எங்கே தப்பா போச்சுன்னு நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க. முடிஞ்சா அதுக்குள்ள புதைஞ்சு கிடக்கிற நல்ல காட்சியையும் தேடுங்க. பெரும்பாலும் ஒண்ணாவது இருக்கும்.