பக்தி, பள்ளி, பாய்மரம்

எங்கள் பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் வாங்கும் வேலை பல வருடங்களாக என்னிடம் இருக்கிறது. ஆன்மிகமும் கல்வியும் அந்த வேலையோடு வந்தவை. பாய்மரப் படகுப் போட்டி என் அண்ணன் மகளால் வந்து ஒட்டிக்கொண்டது. சென்னைத் துறைமுகத்துக்குள் அவள் ஆப்டிமிஸ்ட் ஓட்டப் பழகுகிறாள். பதினைந்து வயது வரைக்குமான சின்னப் படகு அது, நீளம் 2.3 மீட்டர்தான். அவளுக்காகத் தேடத் தொடங்கி, அவளைவிட அதிகமாக நான் படித்துவிட்டேன்.

இந்த மூன்று துறைக்கும் பொதுவான ஒரு தொல்லை உண்டு. முடிவு தெரிந்த பிறகு எழுதிய புத்தகங்களே அதிகம். கடவுள் அருள் கிடைத்துவிட்டது, பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கிவிட்டது, கோப்பை வீட்டுக்கு வந்துவிட்டது, சரி, இனி எழுதலாம் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்படி எழுதும்போது இடையில் இருந்த திணறல் எல்லாம் வெற்றிக்குப் படிக்கட்டாக மாறிப்போகிறது. எனக்கு வேண்டியது அந்தத் திணறல்தான். அதனால் கடையில் முன்னுரையையும் பின்னட்டையையும் நான் பார்ப்பதில்லை. புத்தகத்தின் நடுவில் எங்கேயாவது திறந்து நாலு பக்கம் படிப்பேன். எழுதியவருக்கு எதிராகப் போகும் ஒரு விஷயமாவது அந்தப் பக்கங்களில் இருந்தால் வாங்குவேன்.

ஒரே சம்பவத்தைப் பற்றிப் பலர் எழுதியவற்றைச் சேர்த்துப் படிப்பது இன்னொரு வழி. பாய்மரத்தில் இதற்கு 1968ஆம் வருடத்து கோல்டன் குளோப் பந்தயத்தை மிஞ்சியது இல்லை. லண்டன் சண்டே டைம்ஸ் பத்திரிகை அறிவித்த போட்டி அது. தனி ஆளாக, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல், உலகைச் சுற்றி வர வேண்டும். ஒன்பது பேர் புறப்பட்டார்கள், ஒருவர்தான் முடித்தார்.

முடித்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய ‘சுஹைலி’ பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய படகு. 312 நாள் கடலில் இருந்துவிட்டு 1969 ஏப்ரல் 22 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்குத் திரும்பினார். அவர் எழுதிய ‘எ வேர்ல்ட் ஆஃப் மை ஓன்’ ஒரு நல்ல மாலுமியின் நேர்மையான கணக்கு. உடைந்தது என்ன, எப்படிச் சரிசெய்தார் என்று சொல்லிக்கொண்டே போவார். அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு இது ஒரு சாதனைக் கதை, அவ்வளவுதான்.

அடுத்து பிரெஞ்சுக்காரர் பெர்னார் முவாத்தெஸியே எழுதிய ‘தி லாங் வே’ படித்தேன். கேப் ஹார்ன் முனையைக் கடந்து, பரிசுக்குப் பக்கத்தில் வந்த பிறகு, மனிதர் பந்தயத்தையே உதறிவிட்டுப் படகைத் திருப்பி, தாஹிட்டி வரை போய்விட்டார். கேப்டவுன் அருகே ஒரு கப்பலுக்குக் கவண் வைத்து எறிந்த சேதியில், தன் ஆன்மாவைக் காப்பாற்றிக்கொள்வது பற்றிப் பேசுகிறார். நம்பிக்கை பற்றிய புத்தகம் என்று இதை எந்தக் கடையிலும் அடுக்க மாட்டார்கள். நான் அந்த அலமாரியில்தான் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, டொனால்ட் குரோஹர்ஸ்டின் கதை. புறப்பட அனுமதித்த கடைசி நாளான அக்டோபர் 31 அன்று, முழுக்கத் தயாராகாத படகோடு, கடன் சுமையோடு கிளம்பினார். தென் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாக வானொலியில் பொய்யான இடங்களைச் சொன்னார். அவர் துரத்தி வருகிறார் என்று நம்பி வேகம் கூட்டிய நைஜல் டெட்லியின் படகு, இங்கிலாந்து நெருங்கும் நேரத்தில் மூழ்கியது. டெட்லி பிழைத்தார். 1969 ஜூலையில் குரோஹர்ஸ்டின் படகு ஆளில்லாமல் மிதந்தபடி கிடைத்தது. உள்ளே பதிவேடுகள் இருந்தன, கூடவே கடவுள், காலம், பிரபஞ்சம் என்று அவர் எழுதித் தள்ளிய சுமார் 25,000 சொற்களும் இருந்தன. அந்தப் பதிவேடுகளை வரிக்கு வரி பிரித்து நிக்கலஸ் டோமலின், ரான் ஹால் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் 1970இல் எழுதிய புத்தகம் ‘தி ஸ்ட்ரேஞ்ச் லாஸ்ட் வாயேஜ் ஆஃப் டொனால்ட் குரோஹர்ஸ்ட்’. போட்டி ஒரு மனிதனை என்ன செய்யும் என்று தெரிய வேண்டுமானால் இதற்கு மேல் ஒன்றைத் தேட வேண்டாம். நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனக்குக் கிடைத்த 5,000 பவுன் பரிசுப் பணத்தைக் குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார் என்பதை இதற்குப் பிறகு தெரிந்துகொள்ளும்போதுதான் அந்தச் ‘சாதனைக் கதை’க்கு எடை கூடுகிறது.

ஜான் ரூஸ்மானியரின் ‘ஃபாஸ்ட்நெட், ஃபோர்ஸ் 10’ இந்த வரிசையில் சேராது, ஆனால் விடக் கூடாது. 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பி, புயலில் 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். கைவிட்டுவிட்டு இறங்கிய 24 படகுகளில் மூழ்கியவை ஐந்துதான். படகு உண்மையில் மூழ்கும்வரை அதை விடாதே என்று பயிற்சியாளர்கள் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. ரூஸ்மானியரும் அந்தப் பந்தயத்தில் ஓடியவர். பின்னாளில் இறையியல் படிக்கப் போனார்.

போட்டி விதிகள் பற்றிய புத்தகம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. உலகப் பாய்மர அமைப்பான வேர்ல்ட் செயிலிங் நாலு வருடத்துக்கு ஒருமுறை விதிகளைத் திருத்துகிறது. இப்போது நடப்பில் இருப்பது 2025–2028 பதிப்பு, அதை அவர்களே இணையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய விதி விளக்கத்தை வாங்கிப் பிள்ளை கையில் கொடுத்தால், மிதவையைச் சுற்றும் இடத்தில் வீண் சண்டைதான் மிஞ்சும். காற்றையும் பாயையும் பற்றிச் சொல்லும் நூலுக்கு இந்தக் கவலை இல்லை.

கல்விப் புத்தகத்துக்கு என்னிடம் ஒரே கேள்வி: இதில் தோற்ற பிள்ளை பேசுகிறதா? இத்தாலியில் பார்பியானா என்ற மலைக் கிராமத்தில், பெயிலாக்கி வெளியே அனுப்பப்பட்ட ஏழைப் பையன்களுக்கு லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் பள்ளி நடத்தினார். அந்தப் பையன்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஓர் ஆசிரியைக்கு எழுதிய கடிதம் 1967இல் புத்தகமானது. வெறும் கோபம் இல்லை, எந்தத் தொழில் செய்யும் அப்பாவின் பிள்ளை அதிகம் பெயிலாகிறது என்று அட்டவணையே போட்டிருக்கிறார்கள். தமிழில் ‘எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?’ என்று வந்திருக்கிறது. ‘டோட்டோ-சான்’ எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் பரிசாகக் கொடுத்தாயிற்று. அதை வாங்கிவைத்த பள்ளிகள் இதையும் பக்கத்தில் வைக்கட்டும். ஆசிரியர்களுக்கு இனிப்பது அது, உறைப்பது இது.

பக்தி நூல்களில்தான் எனக்குப் பொறுமை குறைவு. நம்பிக்கையைப் பற்றி மட்டுமே பேசும் புத்தகத்தைவிட, வேறொன்றைப் பேசும்போது நம்பிக்கை தானாக வெளிப்படும் புத்தகமே நிற்கிறது. அகஸ்டீனின் ‘கன்ஃபெஷன்ஸ்’ முதல் பகுதியிலேயே, பள்ளியில் அடி விழக்கூடாது என்று கடவுளிடம் வேண்டிக்கொண்ட சிறுவன் வருகிறான். சிமோன் வெய்ல் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர், பள்ளிப் பாடத்தில் செலுத்தும் கவனமே பிரார்த்தனைக்குப் பழக்கம் என்று ஒரு கட்டுரை எழுதினார். வடிவியல் கணக்குக்கு விடை வராவிட்டாலும் அந்த உழைப்பு வீணாகாது என்கிறார். அவர் இறந்தபின் 1950இல் வந்த ‘வெயிட்டிங் ஃபார் காட்’ தொகுப்பில் அது இருக்கிறது. ‘மார்க் வரவில்லை’ என்று அழும் பிள்ளைகளின் பெற்றோருக்கு நான் நகல் எடுத்துக் கொடுப்பது அந்தக் கட்டுரையைத்தான்.

நம் பக்கத்தில் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. இதைத் தமிழ்ப் பதிப்பு வரலாறு என்று மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள். பாடம் கேட்க அலைந்த ஒரு பிள்ளையின் கதையும் அதில் இருக்கிறது. அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் உயிர் விடும்போது சாய்ந்திருந்தது கிறிஸ்தவ மாணவர் சவேரிநாத பிள்ளையின் மார்பில், பக்கத்திலிருந்து சாமிநாதையர் படித்தது திருவாசகம். பின்னாளில் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி புரியாதபோது, சைவரான சாமிநாதையர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய், அவர்கள் மதத்தைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறர் சமயத்தைப் பற்றிய நூல் வாங்கும்போது நான் பார்ப்பதும் இதைத்தான்: எழுதியவர் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டாரா, இல்லையா?

எங்கே தேடுவது? எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் முதலில் பாருங்கள். படித்துப் பிடித்தபின் வாங்கலாம். தனியாக உலகைச் சுற்றிய முதல் மாலுமி ஜோஷுவா ஸ்லோக்கம் 1900இல் எழுதியது, அகஸ்டீன் இரண்டும் காப்புரிமை கடந்தவை, குட்டன்பர்க் தளத்தில் இலவசம். ஸ்லோக்கத்தின் பெயரைத்தான் முவாத்தெஸியே தன் படகுக்கு வைத்தார். ஒரு நல்ல எழுத்தாளர் இன்னொருவருக்கு இப்படி மரியாதை செய்தால், அந்த இன்னொருவரைத் தேடிப் போங்கள். எந்த ‘சிறந்த பத்து’ பட்டியலும் எனக்கு இவ்வளவு பயன்பட்டதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சென்னையில் பழகிய நேத்ரா குமணனும் வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணனும் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக் ஓடிவிட்டார்கள். பதக்கம் வரட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருக்காமல், இப்போதே அவர்களைத் தமிழில் எழுதவைக்க ஒரு பதிப்பகம் முன்வர வேண்டும்.