வரிவடிவ எளிமையும் மொழிமுதல் நெறியும்: விளையாட்டுவழி எழுத்தறிமுகம்

தமிழ்நாட்டரசு 2022ஆம் ஆண்டு சூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், முதல் மூன்று வகுப்புகளில் ஆடல், பாடல், கதை, பொம்மலாட்டம் வழியே எழுத்தறிவை ஊட்ட முனைகிறது. எவ்வெழுத்தை முதலில் விளையாட்டுக்குள் கொணர்வது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

அகரம் ஒலிக்க எளிது. எழுதவோ சுழியும் வளைவும் கோடும் கூடிய அரிய வடிவம். சாகுபுரத்தை அடுத்த உப்பளப் பகுதித் தெருக்களில் ஓட்டுச்சில்லால் பாண்டிக் கட்டம் கீறும் சிறுமிக்கு நேர்கோடுகள் முன்பே கைவந்தவை. கட்டத்தின் மேற்கோட்டை நீக்கினால் பகரம். வலக்கோட்டையும் நீக்கினால் டகரம். பகரத்தோடு ஒரு வளைவு சேரின் மகரம்.

ஆயின் டகரம் மொழிமுதலாகாது என்பது தொல்காப்பிய நெறி. எழுத்தட்டைகள் இதற்கெனப் பிறமொழிச் சொற்களைத் தேடி அலைவது வேண்டாத உழைப்பு. டகரத்தைச் சொல்லின் இடையில் வைத்தே அறிமுகப்படுத்தலாம்: படம், மடம், பட்டம், மட்டம். மூன்றெழுத்தும் புள்ளியும் இதற்குப் போதும்.

புள்ளியையும் விளையாட்டாக்க இயலும். மணலில் எழுதிய ‘பட்டம்’ என்னும் சொல்லில் புள்ளிகளுக்கு மாற்றாகச் சிப்பிகளை வைத்து, பின் அவற்றை எடுத்துவிட்டுப் படிக்கச் சொன்னால் ‘படடம’ என்றே படிக்க நேரும். மெய்க்கும் உயிர்மெய்க்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேறு விரிவுரை தேவையில்லை. புள்ளியிடாத ஓலைச்சுவடிகளைப் படித்த பதிப்பாசிரியர்கள் உற்ற இடரும் இதுவேயன்றோ!