‘ஜாம்தாரா’ பார்த்த இரவில் அக்கா மகன் சொன்னது

‘ஜாம்தாரா’ தொடரின் இரண்டாவது சீசன் 2022 செப்டம்பர் 23 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அந்த வாரம் எனக்கு செகண்ட் ஷிஃப்ட். ஒரகடத்தில் ஏறிய கம்பெனி பஸ் ஸ்ரீபெரும்புதூரில் இறக்கிவிடும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். சாப்பிட்டு முடித்து, ஒரு போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்துவைத்து, அறையில் இருந்த எல்லோரும் அதையே பார்ப்போம்.

ஜார்க்கண்டில் ஒரு சின்ன ஊர்ப் பையன்கள் பேங்க் அதிகாரி போலப் போனில் பேசி, கார்டு எண்ணையும் ஓடிபியையும் வாங்கிக்கொண்டு கணக்கைக் காலி செய்கிற கதை. கதை கற்பனைதான், ஜாம்தாரா என்ற ஊர் நிஜம். பல மாநிலப் போலீஸ் அங்கே போய் ஆட்களைப் பிடித்து வந்திருக்கிறது. 2020 ஜனவரியில் வந்த முதல் சீசன்தான் எனக்குக் கூடுதலாகப் பிடித்தது. இரண்டாவதில் தேர்தலும் அரசியலும் நிறைய இடத்தை எடுத்துக்கொள்கின்றன.

இந்தி வசனத்தை எங்களுக்கு விளக்கிச் சொன்னவன் அறையில் இருந்த தும்கா பையன். ஜாம்தாரா 2001 வரை தும்கா மாவட்டத்தோடுதான் இருந்தது. ஊர் எது என்று யாராவது கேட்டால் “ராஞ்சி பக்கம்” என்றுதான் சொல்வான். உண்மையைச் சொன்னால் மேஜை மேல் இருக்கும் போனைக் கையில் எடுத்துக்கொள்கிறார்களாம். மாதம் முழுக்க ஓவர்டைம் பார்த்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவன் அவன். கேட்கவே கஷ்டமாக இருந்தது.

செய்யாறிலிருந்து வேலை தேடி வந்திருந்த அக்கா மகனும் எங்களோடுதான் பார்த்துக்கொண்டிருந்தான். ஐடிஐ ஃபிட்டர். ஒரு காட்சியில் போனை எடுத்தவர் ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொல்லச் சொல்ல, இவன் எழுந்து வெளியே போய்விட்டான். போய்ப் பார்த்தால் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

“மாமா, மிச்சப் பணத்தையும் கட்டிட்டேன்.”

விஷயம் இதுதான். பெரிய கம்பெனி ஒன்றின் லோகோவோடு வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கிறது: டைரக்ட் பர்மனன்ட், கேன்டீன், பஸ், ரூம் எல்லாம் இலவசம். போனிலேயே இன்டர்வியூ. “வெர்னியர் காலிபர் லீஸ்ட் கவுன்ட் எவ்வளவு?” என்று கேட்டிருக்கிறார்கள். 0.02 மில்லிமீட்டர் என்று சரியாகச் சொல்லியிருக்கிறான். அந்த ஒரு கேள்வியில்தான் அவனுக்கு முழு நம்பிக்கை வந்தது. தொழில் தெரிந்தவன்தானே இப்படிக் கேட்பான்! பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய். பிறகு யூனிஃபார்ம், சேஃப்டி ஷூவுக்கு 4,500. மெடிக்கலுக்கு 6,000. கடைசியில் சீல் வைத்த ஆஃபர் லெட்டர். அதை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனால், இந்த மாதிரி லெட்டரோடு நிறையப் பேர் வருகிறார்கள் என்று செக்யூரிட்டி திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்த முதல் 1,500 ரூபாயைக் கட்டிய அன்றே என்னிடம் சொன்னான். “படிச்ச பையன் இப்படியா ஏமாறுவ?” என்று அறையில் எல்லோர் முன்னாலும் கத்தினேன். அதனால்தான் அடுத்த இரண்டு தடவை பணம் கட்டியதை மறைத்துவிட்டான். வேலை கிடைத்து லெட்டரைக் காட்டினால் மாமா வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தானாம். எனக்கு இன்றும் உறுத்துவது அதுதான். 10,500 ரூபாய் போனதில் என் வாய்க்கும் பங்கு உண்டு.

அந்த இரவிலேயே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்தோம். புகாரைப் பதிவு செய்துகொண்டார்கள். ஆனால் கடைசிப் பணம் கட்டியே பதினோரு நாள் ஆகியிருந்தது, பணம் திரும்பவில்லை. எதிராளியின் கணக்கில் பணம் இருக்கும்போதே தகவல் போனால் அதை முடக்க வழி இருக்கிறது. அதனால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பணம் அனுப்பியதன் யூடிஆர் எண், ஸ்கிரீன்ஷாட், வந்த போன் எண் எல்லாம் கையில் இருக்கட்டும். ஆத்திரத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் தரலாம்.

வேலை விஷயத்தில் இப்போது எங்கள் அறையின் வழக்கம் ஒன்றுதான். யார் காசு கேட்டாலும் அது வேலை இல்லை, கன்சல்டன்சி என்று சொல்லிக்கொண்டாலும் சரி. லெட்டர் வந்தால், அதில் இருக்கிற நம்பரை விட்டுவிட்டு நேரே கம்பெனி கேட்டில் போய்க் கேட்போம்.

இன்னொன்றை இங்கே தங்கி வேலை செய்கிற தம்பிகள் கவனிக்க வேண்டும். கம்பெனி மாறும்போது பழைய சம்பளக் கணக்கு சும்மா கிடக்கும். ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடு, சில ஆயிரம் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். ஜாம்தாரா மாதிரி மோசடிகளில் பணம் ஓடுவது இப்படிப்பட்ட அடுத்தவர் கணக்குகள் வழியாகத்தான். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்கு. வேண்டாத கணக்கை பேங்குக்குப் போய் மூடிவிடுங்கள்.

அக்கா மகன் அடுத்த ஆண்டு அப்ரண்டிஸாகச் சேர்ந்தான், ஒரு ரூபாய் கொடுக்காமல். உங்கள் அறையிலும் ஒருவன் தயங்கித் தயங்கி “பணம் கட்டிட்டேன்” என்று சொல்லக்கூடும். அவனைத் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து 1930-க்கு அழையுங்கள்.