கன்றுகளின் முதற்பனிக்காலம்

மரம் நடுதல் எளிது. நட்ட கன்றை முதலாண்டுப் பனியினின்றும் காத்தல் அரிது. இவ்வுண்மையை யாம் நூலிற் கற்றிலேம். எம் பிழையினாற் கற்றோம்.

சென்ற ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் நண்பரொருவருடன் உதகமண்டலத்தை அடுத்த ஒரு சிற்றூரிற் தங்கியிருந்தோம். ஆங்கு ஒரு முதியவர், மழைத் தொடக்கத்தில் தாம் நட்ட சோலைநாவற் கன்றுகளின்மேல் மாலைதோறும் தாகைத் தழைகளைக் கவிப்பார்; காலையில் அகற்றுவார். காற்றே குளிர்ந்திருக்க, இம்மெல்லிய தழை யாது செய்யுமென யாம் எம்முள் நகைத்தோம். ஒருநாள் அப்பணியை எம்மிடம் ஒப்புவித்தார். கடைசி வரிசைக் கன்றுகள் பன்னிரண்டையும் மூடாது வாளா விட்டோம். அன்றிரவு வானம் தெளிந்து, காற்றும் அடங்கியிருந்தது. விடியலில் அவை உறைபனி போர்த்து நின்றன. வெயிலேறியதும் இலைகள் வெந்தாற்போற் கருகித் துவண்டன. முதியவர் சினந்திலர். “தம்பி, இனி அடுத்த ஆனியிலேதான் நடவேண்டும்” என்று மட்டும் கூறினார்.

இதன் காரணத்தை ஆராய்வாம். பகலிற் பெற்ற வெப்பத்தை நிலமும் செடியும் இரவில் வான்நோக்கி வீசிவிடுகின்றன. முகில் இருப்பின் அஃது ஒரு பகுதியை மீளவும் நிலத்துக்கு அனுப்பும். முகிலில்லா இரவிலோ, இலையானது தன்னைச் சூழ்ந்த காற்றினுங் குளிர்ந்துவிடும். இலண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814-இல் வெளியிட்ட பனித்துளி பற்றிய நூலில் இதனை விளக்கினார். தோட்டக்காரர் மெல்லிய பாயினாற் செடிகளை மூடுவதைக் கண்டு தாமும் முன்னர் நகைத்ததுண்டென அவர் ஒப்புக்கொள்கின்றார். பின்னர், புல்தரையில் நான்கு குச்சிகளை நட்டு, 6 அங்குல உயரத்தில் மெல்லிய கைக்குட்டையொன்றை விரித்தார். ஓரிரவில் அதன் கீழிருந்த புல், திறந்தவெளிப் புல்லினும் 8 பாரன்ஹீட் பாகை வெம்மை மிக்கிருந்தது.

நீலகிரிச் சோலைகளும் இதற்குச் சான்றாம். தாய்மரங்களின் நிழற்கீழ் முளைத்த கன்று பிழைக்கும். புறத்தே புல்வெளியில் முளைத்தது பெரும்பாலும் பனிக்கோ தீக்கோ இரையாகும். காட்டுப்பூவரசு போன்ற சிலவே ஆங்குத் தாங்கி நிற்பன. ஆகலின், சோலை தன் கன்றுக்கு அளிக்கும் கூரையை, வெளியில் நடுவோர் தம் கையால் அளித்தல் வேண்டும்.

அதற்குரிய முறைகள் வருமாறு:

1. குளிர்ந்த காற்றுப் பள்ளத்திலே தேங்குமாதலின், சரிவிலே நடுக.

2. பனிக்கு முன்னரே வேரூன்றுமாறு, தென்மேற்குப் பருவமழைத் தொடக்கத்திலே நடுக.

3. உறைபனிக்கு முந்திய பகலில் நீர் விடுக. ஈரமண் வெப்பத்தை மிகுதியாகச் சேர்த்துவைக்கும்.

4. ஞாயிறு மறையுமுன் தழையைக் கன்றின்மேல் அழுந்தாதவாறு கவித்து, காலையிற் பனி உருகியபின் அகற்றுக. பகலிலும் மூடி வைப்பின், நிலம் வெப்பம் பெறாது. கன்றும் ஒளியின்றி நலியும்.

5. கருகிய கன்றை உடனே பிடுங்கற்க. வேர் உயிரோடிருப்பின் அடியினின்றும் துளிர்த்தல் கூடும்.

இவ்வைந்தாவது முறை, ஏப்பிரல் திங்களில் நண்பர் எழுதிய மடலால் யாம் அறிந்தது. யாம் கைவிட்ட பன்னிரண்டனுள் இரண்டு துளிர்த்தனவாம். எஞ்சிய பத்தினையும் ஆனியில் முதியவருடன் நின்று நட்டு வந்தோம். வரும் பனிக்காலத்தில் அவ்வரிசையை மூடும் பணியை எமக்கே தருமாறு வேண்டியிருக்கின்றோம்.